பாடத்திற்கு முந்தின இரவு

அரசு கலைக் கல்லூரியொன்றில் 31 ஆண்டுகள் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்றவன் நான். ஒவ்வொரு ஜூன் மாதமும், புதிதாக வந்து சேர்ந்த பி.எஸ்ஸி. மாணவர்களின் முதல் வகுப்பில், நாளைக்கு நடக்கவிருக்கும் பாடத்தை இன்றிரவே ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது என் வழக்கமாக இருந்தது. அறுபது தலைகளும் மரியாதையாக அசையும். மறுநாள் காலையில், குறித்துக் கொடுத்த பக்கங்களைத் திறந்து பார்த்தவர் யார் என்று கேட்டால், முன்வரிசையில் இருவரோ மூவரோ பாதிக் கையை உயர்த்தி, மற்றவர்கள் தங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் இறக்கிக்கொள்வார்கள். ஆண்டுதோறும் இது நடந்தது. ஆண்டுதோறும் நானும் அதே மனவருத்தத்தோடு சாக்பீஸைக் கையிலெடுத்து, வாசித்துவிட்டு வரச் சொன்ன அந்தப் பக்கங்களையே கரும்பலகையில் எழுதத் தொடங்கி, மணி அடிக்கும்வரையில் எழுதிக்கொண்டிருந்தேன். என் வருத்தத்துக்கும் என் கையிலிருந்த சாக்பீஸுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் உணர்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

உணர்த்தியவன் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காக ஒரு மாலைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றவனிடம், வகுப்பிலேயே கூர்மையான புத்தியுள்ள நீகூட ஏனப்பா ஒருநாளும் படித்துவிட்டு வருவதில்லை என்று கேட்டேன். சற்று நேரம் நோட்டின் மூலையை மடித்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "சார், கோவிச்சுக்கக் கூடாது. எப்படியும் நாளைக்கு நீங்க எல்லாத்தையும் போர்டுல எழுதிப் போட்டுருவீங்க. அப்புறம் எதுக்கு சார் ராத்திரி ஒருதடவை உக்காந்து படிக்கணும்?"

பேருந்து நிலையத்தருகே ஒரு ஜவுளிக்கடையில் இரவு ஒன்பது மணிவரை துணி மடித்துவிட்டு, கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பி, தாயார் மூடி வைத்த சோற்றை உண்டு படுக்கிறவன் அவன். அவனுக்குச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தன்னிடமுள்ள ஒரு மணி நேரத்தை எங்கே செலவிட்டால் பிரயோஜனம் உண்டு, எங்கே செலவிட்டால் இல்லை என்பதை நன்றாகக் கணக்கிட்டே அவன் நடந்துகொண்டிருந்தான். அந்தக் கணக்கில், முன்கூட்டிப் படிப்பது வீண் செலவு என்னும் விடை வரும்படி செய்துவைத்தவன் நான். படித்து வந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. படிக்காமல் வந்தவனுக்கு நஷ்டமும் ஒன்றுமில்லை. இத்தகைய வகுப்பை நடத்திக்கொண்டே, மாணவர்களுக்கு ஆயத்தம் போதாது என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து அங்கலாய்ப்பது நியாயமன்று.

அவன் சொன்னதையே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களும் தங்கள் பௌதிகப் பேராசிரியரிடம் வேறொரு விதமாகச் சொல்லியிருந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்தபோது, எனக்கு ஆச்சரியமும் ஓரளவு ஆறுதலும் ஒருங்கே உண்டாயின. எரிக் மஸூர் என்னும் அப்பேராசிரியர் 1984 முதல் அங்கே ஆரம்பப் பௌதிகம் கற்பித்து வந்தவர். மாணவர்கள் பாட இறுதியில் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடுகளில் அவருக்கு உயர்ந்த ஸ்தானம் கிடைத்து வந்ததால், தாம் நல்லாசிரியர் என்றே அவரும் நம்பியிருந்தார். தம் விரிவுரைக் குறிப்புகளை அவர் மாணவர்களுக்கு வழங்கியபோது, இவர் குறிப்பில் உள்ளதையே வகுப்பிலும் சொல்லுகிறார் என்று சிலர் குறை எழுதினார்கள். முதலில் மனம் புண்பட்ட அவர், குறை கூறியவர்களே சரி என்று பின்னர் ஒப்புக்கொண்டார். ஷேக்ஸ்பியரைக் கற்பிக்கும் ஒருவர் வகுப்பு நேரத்தை நாடகத்தை வாசித்துக் காட்டுவதில் கழிக்கமாட்டார், மாணவர் அதை முன்னரே வாசித்து வரச் செய்து அதன் பொருளைப் பற்றியே பேசுவார் என்னும் கருத்துப்பட எழுதவும் செய்தார். இலக்கியத்துக்கு நாம் இயல்பாக அளித்துவிடும் இந்த மரியாதையை விஞ்ஞானப் பாடத்துக்கு அளிக்கத் தயங்குகிறோம் என்பது உண்மை.

1990-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கண்ட இன்னொரு விஷயம் இதைவிடக் கடுமையானது. ஹல்லூன், ஹெஸ்டனிஸ் என்னும் இருவர், பாடம் கேட்ட பின்னரும் மாணவர்களின் மனத்திலுள்ள இயக்கம் பற்றிய பழைய எண்ணங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்று 1985-இல் எழுதியிருந்தார்கள். தம் மாணவர்கள் அப்படியல்லர் என்று கருதிய மஸூர், அவ்விருவரும் வகுத்த எளிய வினாக்களைத் தம் வகுப்பிலேயே கொடுத்துப் பார்த்தார். சூத்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைப் போட்டு முடிக்கும் அந்த மாணவர்களில் ஒருவர், இவற்றுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அந்த வினாக்களின் தன்மை எத்தகையது என்பதை நம் ஊர் உதாரணத்தாலேயே சொல்லலாம். எதிரும் புதிருமாக வரும் ஒரு லாரியும் ஒரு ஸ்கூட்டரும் மோதிக்கொள்கின்றன. லாரி ஸ்கூட்டரைத் தாக்கும் விசை பெரிதா, ஸ்கூட்டர் லாரியைத் தாக்கும் விசை பெரிதா? நியூட்டனின் மூன்றாம் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர், லாரியின் விசைதான் பெரிது, அதிலென்ன சந்தேகம் என்று சொன்னார்கள். இரண்டும் சமம் என்பதே அவர்கள் நேற்று எழுதிக்கொண்ட விதி. விசை சமமாயினும் விளைவு சமமாக வேண்டியதில்லை, எடை குறைந்த ஸ்கூட்டரின் வேகம்தான் பெரிதும் மாறுகிறது என்பதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்; அதனோடு ஒருபோதும் மல்லுக்கட்டியதில்லை. நோட்டில் ஏறிய விதி மனத்தில் ஏறவில்லை.

மஸூர் 1991-இல் தம் முறையை மாற்றினார். பாடத்தை வாசிப்பது வகுப்புக்கு முன்பாக மாணவர் செய்யவேண்டிய காரியமாயிற்று. வகுப்பு நேரம், மேற்சொன்ன வகையான வினாக்களை எழுப்பி, ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு விடையைத் தெரிவித்த பின்னர், பக்கத்திலிருப்பவரோடு வாதாடித் தெளியும் நேரமாயிற்று. வாசித்துவிட்டு வந்தார்களா என்று சோதிக்க ஆரம்பத்தில் வகுப்புத் தொடக்கத்தில் சிறு பரீட்சை வைத்துப் பார்த்தவர், நாளடைவில் அதையும் கைவிட்டு, வகுப்புக்கு முன்னரே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். முதல் இரண்டும் பாடத்தைப் பற்றியவை. மூன்றாவது கேள்வி, வாசித்ததில் உங்களுக்குக் கடினமாகவோ குழப்பமாகவோ தோன்றியது எது என்பது. விடை சரியா தவறா என்று பாராமல், சிரத்தையாக எழுதியிருக்கிறாரா என்று மட்டுமே பார்த்து மதிப்பெண் அளித்தார். வந்த பதில்களை வாசித்து, எந்த இடத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழுந்தார்களோ அந்த இடத்தைப் பற்றியே மறுநாள் வகுப்பை அமைத்தார்.

இந்த மூன்றாவது கேள்வியில்தான் முழு ரகசியமும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நேற்றிரவு நான் எழுதிய சந்தேகத்தை ஆசிரியர் இன்று காலையில் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதைக் கண்ணாரக் காணும் மாணவனுக்கு, அடுத்த வாரம் படித்துவிட்டு வா என்று இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை. புத்திமதியாலும் மிரட்டலாலும் நான் பதினைந்து ஆண்டுகள் செய்ய முடியாததை அந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற பௌதிக விஞ்ஞானி கார்ல் வீமனும் அவரோடு தெலோரியே, ஷெலூ என்னும் இருவரும் அதை எழுதினார்கள். ஒரே பாடத்தைப் பயிலும் இரண்டு பெரிய வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 270 மாணவர்கள். ஒன்றில் அனுபவமும் நற்பெயரும் வாய்ந்த ஆசிரியர் வழக்கம்போல் விரிவுரை ஆற்றினார். மற்றொன்றில் கற்பித்துப் பழக்கமில்லாத ஓர் இளம் ஆராய்ச்சியாளர், வகுப்புக்கு முன் மூன்று நான்கு பக்கங்களை வாசிக்கக் கொடுத்து, அதன்மேல் ஒரு சிறு சோதனையும் வைத்து, வகுப்பில் வினாவும் விவாதமுமாக ஒரு வாரம் நடத்தினார். அந்த வாரம் முடிந்தபின் வைத்த தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 41 சதவீதம், இரண்டாவதின் சராசரி 74 சதவீதம். விவாதத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டாகையால், எல்லாப் பெருமையையும் முன்வாசிப்புக்கே அளிப்பது மிகையாகும். ஆயினும் அந்த 'மூன்று நான்கு பக்கங்கள்' என்னும் அளவைக் கண்டதும் நான் திடுக்கிட்டேன். நான் என் மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது ஓர் அத்தியாயம்; முப்பது பக்கம்.

முன்கூட்டி வாசிப்பதால் கேட்பது எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்க 1972-இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்ஸன் என்னும் உளவியலறிஞர்கள் செய்த ஒரு சோதனை எப்போதும் என் நினைவுக்கு வரும். சாமான்களை வகைவகையாகப் பிரிக்க வேண்டும், ஒரேயடியாக அதிகம் போட்டுவிடக் கூடாது, முடிந்ததும் மறுபடி அடுக்க வேண்டும் என்ற ரீதியில் செல்லும் ஒரு பத்தியைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் எளிது. ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்பது யாருக்கும் புரிவதில்லை. அது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்னாலேயே சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விஷயங்களை நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடிந்த பிறகு அதையே சொல்லக் கேட்டவர்களுக்கோ, அதனால் ஒரு பயனும் விளையவில்லை. காலையில் என் வகுப்பில் ஒன்றும் அறியாமல் வந்து அமர்ந்த மாணவனின் நிலை இதுவே என்று எனக்குப் பட்டது. அவன் காதில் விழுந்த வாக்கியங்கள் எல்லாம் தெளிவானவை. அவற்றை வைப்பதற்கு அவன் மனத்தில் இடம் ஏற்படவில்லை. பரீட்சைக்கு முந்தின இரவு நோட்ஸைப் புரட்டும்போதுதான் தலைப்பு அவனுக்குத் தெரியவருகிறது.

அதே பிரான்ஸ்ஃபோர்டும் ஷ்வார்ட்ஸ் என்பவரும் 1998-இல் இதை இன்னும் ஆழமாக ஆராய்ந்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை, பழைய பரிசோதனைகளின் புள்ளிவிவரங்களைத் தாமே ஒப்பிட்டு, என்ன தென்படுகிறது என்று திணறிப் பார்க்கச் செய்து, பிறகு விரிவுரை கேட்கவைத்தார்கள். மற்றொரு சாராரை அதே விஷயத்தைப் பற்றிய பாடத்தைச் சுருக்கி எழுதவைத்துப் பிறகு அதே விரிவுரையைக் கேட்கவைத்தார்கள். மூன்றாவது சாராருக்குத் திணறல் மட்டுமே, விரிவுரை இல்லை. கற்றதைப் புதிய சந்தர்ப்பத்தில் பிரயோகிப்பதில் முதல் சாராரே மேலோங்கி நின்றனர். திணறியதோடு நின்றவர்கள் பின்தங்கினர். ஆகையால் ஆசிரியர் வேண்டாம் என்பது இதன் தாத்பரியமன்று. மானாவாரி நிலத்தில் சித்திரையில் கோடை உழவு ஓட்டுகிறவர், உழவினாலேயே கதிர் வந்துவிடும் என்று எண்ணுவதில்லை. மழை வந்தால் நீர் மேலோடிப் போகாமல் உள்ளே இறங்கட்டும் என்பதற்காகவே உழுகிறார். என் மாணவர்களில் பாதிப்பேரின் தகப்பனார்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

இந்தக் கருத்தெல்லாம் கடல்கடந்து வந்தது என்று நினைப்பவர்கள், 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பார்க்கவேண்டும். ஆசிரியர் சொன்னதை முற்றும் உள்வாங்கிக்கொண்டாலும் அது புலமையில் காற்பங்குதான் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், மிச்சமுள்ள அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்றும் அங்கே கணக்கிட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது. பாடத்தைப் பேணிக்கொள்வதும், கேட்டதைச் சிந்திப்பதும், ஆசிரியரை மறுபடி அணுகிக் கேட்பதும், வினாவுவதும், வினாவியதற்கு விடையிறுப்பதும் மாணாக்கன் கடமைகள் என்று வகுத்த அந்நூலார், ஆசிரியரின் பேச்சுக்கு அளித்தது கால் பாகம். நாமோ ஐம்பது நிமிஷ ஹவர் முழுவதையும் அந்தக் கால் பாகத்துக்கே அளித்துவிட்டு, எஞ்சிய முக்கால் பாகத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டோம்.

முன்னதாகத் தயார் செய்துகொள்வது என்பதன் உச்ச நிலையைக் காண, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையரை நினைத்தால் போதும். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்ற ஐயருக்கும் அது முற்றிலும் புதிய நூல். தமக்குத் தெரிந்ததுபோல் பாவித்துச் சமாளித்துக்கொண்டிருக்கவில்லை அவர். நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டி, விளங்காத இடங்களை விளங்காதவை என்றே உணர்ந்து, அவ்வூரில் வாழ்ந்த ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்து பாடம் சொன்னார். அந்தத் தயாரிப்பின் தொடர்ச்சியாகவே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு அச்சில் வந்தது. எனக்குத் தெரியாதது இது என்று இடம் குறித்துக்கொண்டு போய்க் கேட்பதுதான் ஆயத்தம்; பக்கங்களைக் கண்ணால் ஓட்டுவது அன்று.

நம் மாணவர்களைப் பொறுத்தமட்டில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஹார்வர்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையின் கையில், டி.எஸ். மாத்தூரின் இயக்கவியல் புத்தகத்தைக் கொடுத்து வாசித்துவிட்டு வா என்றால், ஒரு பக்கத்தைக் கடக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பௌதிகம் தடுப்பதற்கு முன்னாலேயே ஆங்கிலம் தடுத்துவிடுகிறது. ஆனால் இதே காரணத்தால்தான் அவளுக்கு முன்வாசிப்பு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது என்று நான் வற்புறுத்துவேன். வகுப்பில் வேகமாக ஓடும் பேச்சில், புதிய மொழியும் புதிய கருத்தும் ஒரே சமயத்தில் வந்து மோதும்போது அவள் செய்யக்கூடியது எழுதிக்கொள்வது மட்டுமே. இரவில் புத்தகத்தோடு இருக்கும்போதோ நிறுத்தலாம், திரும்பிப் போகலாம், அகராதி பார்க்கலாம். ஆகவே முப்பது பக்கத்தை நான் நான்காக்கினேன். கடினமான பத்துச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி அதனோடு இணைத்தேன். கைப்பேசி எல்லோர் கையிலும் வந்துவிட்ட கடைசி ஆண்டுகளில், அந்த நான்கு பக்கத்தின் சாரத்தை எட்டு நிமிஷம் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பேருந்தில் வரும்போதே கேட்டுவிட்டோம் சார் என்று சொன்னவர்கள் பலர்.

மஸூரின் மூன்றாவது கேள்விக்குத் துண்டுச் சீட்டுத்தான் எங்கள் சாதனமாயிற்று. வாசிக்கும்போது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நின்றுவிட்டாய் என்பதை இரண்டு வரியில், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, முதல்நாள் மாலை வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட வேண்டும். இன்டர்னல் மதிப்பெண் 25-இல் ஐந்தை இதற்கென ஒதுக்கினேன். எழுதினால் மதிப்பெண், தவறாக எழுதினாலும் மதிப்பெண். 'எல்லாம் புரிந்தது' என்ற சீட்டுக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. எல்லாம் புரிந்தவர் ஒரு வினாவையாவது கேட்டாக வேண்டும். அறுபது சீட்டுகளை வாசிக்க அரைமணி நேரம் பிடிக்கும். சீட்டு எழுதாமல் வந்தவரை நிற்கவைத்து அவமானப்படுத்துவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். இரவு வேலைக்குப் போகிறவர் யார், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்பது எனக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது நான் வாயை மூடிக்கொண்டிருப்பது. வாசித்துவிட்டு வரச் சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. ஒரே ஒருநாள் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டால், மறுநாளைய சீட்டுகள் பாதியாகக் குறைந்துபோகும். முதல் மாதம், போர்ஷன் முடியாதே என்ற பயம் என்னையும், சார் பாடமே நடத்துவதில்லை என்ற முணுமுணுப்பு வகுப்பையும் பிடித்து ஆட்டின. இந்த முணுமுணுப்பு எங்கும் உள்ளதுதான்; ஹார்வர்டிலேயே 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், சீரான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக எண்ணிக்கொண்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள். சரளமாக ஓடும் பேச்சைக் கேட்பது சுகமானது. சுகத்தைப் புரிதலென்று மனம் எண்ணிவிடுகிறது. இதை மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது.

என் பெட்டியில் இன்னும் வைத்திருக்கும் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கோடுபோட்ட நோட்டிலிருந்து கிழித்த காகிதம். பச்சை மையில், சாய்ந்த கையெழுத்து. எழுதியவள் அதுவரை வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "மேஜைமேல் வைத்த புத்தகத்தை மேஜை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று போட்டிருக்கிறது. ஒரு புத்தகம் வைத்தால் ஒரு அளவு, மூன்று வைத்தால் மூன்று பங்கு. எவ்வளவு தள்ள வேண்டும் என்று மேஜைக்கு எப்படித் தெரியும்?"

பல ஆண்டுகளாக நான் பலகையில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுக் கடந்துபோன இடம் அது. மறுநாள் வேறு எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு மரஸ்கேலைப் பாலம்போல் வைத்து, ஒரு புத்தகத்தை அதன்மேல் வைக்கச் சொன்னேன். ஸ்கேல் சற்றே வளைந்தது. இரண்டாவது வைத்தபோது இன்னும் வளைந்தது, எடுத்ததும் நிமிர்ந்தது. வளைய வளையத் திருப்பித் தள்ளும் வலுவும் கூடுகிறது, சுமைக்கு ஈடாகும்வரை வளைந்து நின்றுவிடுகிறது என்பதை வகுப்பே கண்டு சொல்லிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அது ஸ்கேல் சார், வளையும். இந்த டெஸ்க்கு தேக்கு. இது எங்க சார் வளையுது?" என்றான். அரைமணி நேரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். பிறகு ஆய்வகத்திலிருந்து லேசர் விளக்கைக் கொண்டுவரச் செய்து, என் மேஜைமேல் ஒரு சிறு கண்ணாடியை நிறுத்தி, ஒளிக்கற்றையை அதில் விழச்செய்தேன். எதிர்ச்சுவரில் ஒரு செந்நிறப் புள்ளி அசையாமல் நின்றது. சீட்டு எழுதியவளை அழைத்து, மேஜையின் நடுவில் கையை ஊன்றி அழுத்தச் சொன்னேன். அவள் அழுத்தினாள். சுவரிலிருந்த புள்ளி இரண்டு விரற்கடை கீழே இறங்கிற்று. கையை எடுத்தாள்; பழைய இடத்துக்கே ஏறிற்று. மணி அடித்துவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, அவள் மறுபடியும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.